பூங்காவில் யாரைக் காணோம்?

(கல்லூரி மாணவர்களும் பகுதி இளைஞர்களும் கூடியிருந்த நூலக அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளில் பாதிப் பேராவது ஒரு தடவையேனும் துடைப்பமும் பெயின்ட் டப்பாவுமாகத் தெருவில் இறங்கியிருப்பீர்கள். பள்ளிக்கூடச் சுவரில் படம் வரைந்திருப்பீர்கள். குளத்துப் படிக்கட்டில் பிளாஸ்டிக் பொறுக்கியிருப்பீர்கள். மரக்கன்று நட்டு, அதன் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்திருப்பீர்கள். அந்த வேலையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு ஊருக்காக உடம்பை வளைக்கிற பிள்ளைகள் இருக்கும் ஊர் நல்ல ஊர். ஆனால் மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பிப் போய் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்களா? நாம் கைவைத்த பிறகு, முன்பு வராத யார் இங்கே வருகிறார்கள்? முன்பு வந்துகொண்டிருந்த யார் வராமல் போனார்கள்?

இன்று முழுக்க இந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஓர் இடம் மேம்பட்டதா இல்லையா என்று அளக்க இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரியாது. புது டைல்ஸ் பதித்திருக்கலாம், நீரூற்று வைத்திருக்கலாம், சுவரெல்லாம் வண்ணமாக இருக்கலாம். ஆள் வரவில்லையென்றால் என்ன பயன்? ஆள் வருகிறார்கள், ஆனால் நேற்றுவரை அங்கே உட்கார்ந்திருந்த கீரைக்கார அம்மாவைக் காணோம் என்றால், அதை மேம்பாடு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நம் சரித்திரத்தில் காரணம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்களில் பொதுச்சாலை, பொதுக்கிணறு என்று சர்க்கார் கணக்கில் எழுதியிருந்த பல இடங்களில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் கால் வைக்க முடியாது. 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் இவற்றில் எவரும் நடமாடவும் புழங்கவும் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையாகவும் வந்தது. அதே வருஷம் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது. பெரியார் அங்கே போய்ச் சிறைப்பட்டார். அடுத்த வருஷம் அந்தச் சாலைகளில் பெரும்பகுதி திறந்துவிடப்பட்டது. பிறகு வந்த அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு, கிணறு, குளம், படித்துறை, சாலை, மக்கள் கூடும் பொது இடம் எதிலும் சாதி, மதம், பாலினம் சொல்லி ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது. படித்துறையைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் என்னென்ன நடந்தது என்பது எழுதியவர்களுக்குத் தெரியும்.

இப்படிப் போராடித் திறந்த கதவை நாமே அழகுபடுத்துகிறோம் என்ற பெயரில் மறுபடி சாத்திவிடக் கூடாது. இன்றைக்குப் பெரும்பாலும் யாரும் சாதி பெயரைச் சொல்லித் தடுப்பதில்லை. சுற்றிக் கம்பிவேலி போடுகிறோம், ஒரே ஒரு கேட் வைக்கிறோம், காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் மட்டும் திறக்கிறோம், "அந்தத் தெருப் பசங்க வந்தா அசிங்கம் பண்ணுவாங்க" என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசுகிறோம். அந்தத் தெரு எந்தத் தெரு என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இளைஞர்களான நீங்கள் ஒரு பூங்காவைச் சரிசெய்யப் போகும்போது உங்கள் கையில் பெயின்ட் பிரஷ் தருபவர் யார், அவர் மனத்தில் யாரை வெளியே நிறுத்தப் பார்க்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

சரி, கவனிப்பது எப்படி? அதைச் சொல்லித்தர நல்ல ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வில்லியம் ஒயிட் என்ற அமெரிக்கர். பத்திரிகையாளராக இருந்தவர். 1961-இல் நியூயார்க் நகரம் ஒரு விதி கொண்டுவந்தது: கட்டிடத்துக்கு முன்னால் பொதுமக்களுக்கென்று திறந்த முற்றம் விட்டால், கட்டிடத்தில் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ளலாம். கட்டியவர்கள் முற்றம் விட்டார்கள். பல முற்றங்களில் ஈ காக்கை இல்லை. சிலவற்றில் மட்டும் மதியம் ஆனால் உட்கார இடம் கிடைக்காத கூட்டம். ஏன் இந்த வித்தியாசம்? ஒயிட் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். முற்றங்களை மேலிருந்து கேமராவில் படம்பிடித்தார். கீழே மாணவர்கள் தாளும் பென்சிலுமாக நின்று, யார் எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம், தனியாகவா கூட்டமாகவா என்று குறித்தார்கள். வருஷக்கணக்கில் செய்தார்கள்.

கண்டுபிடித்தவை வெகு எளியவை. உட்கார வசதி இருக்கிற இடத்தில் ஜனங்கள் உட்காருகிறார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்கள். தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற, எட்டு வைத்து ஏறிவிடக்கூடிய இடத்துக்கு வருகிறார்கள். பக்கத்தில் தின்பண்டம் விற்கிறவர் இருந்தால் இன்னும் வருகிறார்கள். மற்ற மனிதர்கள் இருக்கிற இடத்துக்கே மனிதர்கள் வருகிறார்கள். நம் ஊர் டீக்கடை பெஞ்சைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கட்டிடக்கலைஞர்களுக்கும் அதிகாரிகளுக்கும் எண்ணிக்கை தேவைப்பட்டது. ஒயிட் எண்ணிக்கையை எடுத்து மேஜை மேல் வைத்தார். 1975-இல் நகரம் விதியைத் திருத்தியது.

அவர் கவனித்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. நன்றாகப் புழங்கும் முற்றங்களில் பெண்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. பெண்கள் இடத்தைத் தேர்ந்து உட்காருகிறார்கள்; அவர்கள் குறைந்தால் அந்த இடத்தில் ஏதோ சரியில்லை. இந்த ஒரு குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் பேட்டைப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு நடைபாதையில் பெண்கள் இருப்பார்கள், ஷூ போட்டுக்கொண்டு கும்பலாக நடப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு நடுத்திடலில் பையன்கள் கிரிக்கெட். ஊஞ்சலில் சின்னக் குழந்தைகள், பக்கத்தில் பாட்டிகள். பெஞ்சில் வயதான ஆண்கள். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள பெண்பிள்ளைகள் எங்கே? எண்ணிப் பாருங்கள். பல பூங்காக்களில் உங்கள் தாளில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.

இதை நம் ஊர்க் கட்டுப்பெட்டித்தனம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் 1990-களின் நடுவில் இதே கணக்கை எடுத்தார்கள். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் பூங்காவில் சிறுமிகளின் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. பையன்களின் எண்ணிக்கை விழவில்லை. பூங்காவில் இருந்தது பெரிய திறந்த திடல் ஒன்று. அதில் பந்து விளையாடும் பையன்கள் இருந்தால் சிறுமிகள் போட்டி போடாமல் விலகிப் போனார்கள், பிறகு வரவே இல்லை. நகரத் திட்டமிடுபவர்கள் யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை. ஐந்தாம் வட்டத்திலிருந்த பூங்காக்களை எடுத்து, நடுவே பாதை விட்டுப் பெரிய திடலைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். கூட்டமாக உட்கார்ந்து பேச மேடைகள், நல்ல வெளிச்சம், உள்ளே வரவும் வெளியேறவும் கூடுதல் வழிகள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். பையன்களும் போய்விடவில்லை.

இதில் உங்களுக்குப் பாடம் வழிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரே கேட் இருக்கும் பூங்காவில், அந்தக் கேட்டருகே நாலு பையன்கள் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றாலே போதும், ஒரு பெண்பிள்ளை உள்ளே வர மாட்டாள். அவர்கள் ஒன்றுமே செய்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் வெளியேற இன்னொரு வழி இல்லை என்பது அவள் கணக்கு. மும்பையில் மூன்று ஆய்வாளர்கள் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்' என்ற நூல் இதையே வேறு கோணத்தில் பேசுகிறது. பெண் ஒருத்தி பொது இடத்தில் இருக்க வேண்டுமானால் கையில் ஒரு காரணம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பை, பால் பாக்கெட், குழந்தை, டியூஷன் நோட்டு ஏதாவது. சும்மா நிற்கும் சுதந்திரம் ஆணுக்கு இருக்கிறது. ஆகவே தங்கைகளே, கணக்கெடுக்கும் குழுவில் நீங்கள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தாளும் கிளிப்போர்டும் கையில் இருந்தால் அந்த மாலை நேரத்தில் நீங்கள் அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்; எந்த இருட்டு மூலையில் எந்தக் கம்பத்து விளக்கு எரியவில்லை என்பதும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். தெருவிளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "எங்கள் தெருவில் வெளிச்சம் இல்லை" என்ற புகாரைவிட, இந்த எண் கம்பம், இத்தனை நாளாக, என்ற புகாருக்கு ஆள் வருவார்.

அளப்பதற்கும் பெரிய கருவி வேண்டாம். தையற்காரர் டேப் போதும். இந்திய சாலைப் பேரவை 2012-இல் வெளியிட்ட நடைபாதை வழிகாட்டுதலின்படி, நடப்பதற்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். நடைபாதை சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் என்றால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டு உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து பாருங்கள். டிரான்ஸ்பார்மர், கடைப்பலகை, உடைந்த சிலாப், நிறுத்திய வண்டி எல்லாம் போக மிச்சம் இருக்கும் அகலம் எத்தனை சென்டிமீட்டர்? முழங்கால் உயர நடைபாதையில் உங்கள் பாட்டி எப்படி ஏறுவார்? அவர் சாலையில் நடப்பதற்குக் காரணம் சாலை விதி தெரியாததல்ல.

அளந்த பிறகு வருவது கொஞ்சம் கடினமான பாடம். நடைபாதையில் மிச்ச அகலம் இல்லாததற்கு முதலில் கைகாட்டப்படுபவர் யார்? பூக்காரி, செருப்புத் தைப்பவர், இளநீர் வண்டிக்காரர். அவர்களை எழுப்பிவிட்டால் நடைபாதை அகலமாகிவிடும் என்று சொல்வார்கள். உங்கள் தாளைப் பார்த்துப் பேசுங்கள். பூக்காரி எடுத்துக்கொண்ட இடம் எவ்வளவு, நிறுத்திய கார் எடுத்துக்கொண்ட இடம் எவ்வளவு? ராத்திரி எட்டு மணிக்கு அந்த முனையில் விளக்கு வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பதால்தானே டியூஷன் முடிந்து வரும் பெண் அந்த வழியாக நடக்கிறாள்? ஒயிட் சொன்ன தின்பண்டக்காரர் இவர்தான். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, ஒவ்வொரு நகரத்திலும் நகர விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். சட்டத்தைத் தெரிந்துகொண்டு, அவர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுங்கள். தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி 2019-இல் திறந்தார்கள். மாலையில் அங்கே கைக்குழந்தையோடு நிதானமாக நடக்கும் குடும்பங்களைப் பார்க்கையில் எனக்கு மனம் நிறைகிறது. அந்தத் தெருவின் நடைபாதை வியாபாரிகள் சில வருஷங்களுக்கு முன்பே ஒரு கட்டிடத்துக்குள் மாற்றப்பட்டுவிட்டவர்கள் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே தாளில் எழுதத் தெரிந்த இளைஞர்கள்தான் நமக்கு வேண்டும்.

ஒரு சின்ன விலகல். 1970-களில் கெவின் லிஞ்ச் என்ற நகரவியல் அறிஞர் யுனெஸ்கோவுக்காக ஓர் ஆய்வு நடத்தினார். அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து நாடுகளில் வளரிளம் பிள்ளைகள் தங்கள் பேட்டையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள், அவர்களைக் கொண்டே வரைபடம் போடச் சொன்னார்கள். மெல்போர்ன் புறநகரில் பெரிய பெரிய பூங்காக்கள் இருந்தன. பிள்ளைகள் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அர்ஜென்டினாவின் சால்டா நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில், தெருவும் பூங்காவும் அரைகுறையாகக் கிடந்தாலும், பிள்ளைகள் தங்கள் இடத்தைப் பெருமையாகப் பேசினார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் தெரியும், மரம் நட்டதிலிருந்து எல்லாவற்றிலும் தங்கள் குடும்பத்துக்குக் கை இருக்கிறது என்பதே காரணம். புல்வெளியின் பரப்பைக் கூட்டினால் மட்டும் பிள்ளைகள் வந்துவிடுவதில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இனி அலுவலக வேலைக்கு வருவோம். இளைஞர்கள் சோர்ந்து போகிற இடம் இது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

ஓர் இடத்தைச் சரிசெய்ய வேண்டுமென்றால் அது யாருடையது என்று முதலில் தெரிய வேண்டும். சென்னையில் ஒரு பஸ் ஸ்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நிழற்குடை மாநகராட்சியுடையது, பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது, பக்கத்து டிரான்ஸ்பார்மர் மின்வாரியத்துடையது. தோண்டிப் போட்டிருக்கும் பள்ளம் குடிநீர் வாரியத்துடையதாக இருக்கலாம். சாலையே நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். சிக்னலுக்குப் போக்குவரத்துக் காவல்துறை. ஒரு துறைக்கு எழுதிய மனு இன்னொரு துறைக்குப் போய் மூன்றாவது துறையில் தூங்குவது இதனால்தான். மனு எழுதுவதற்கு முன் ஒரு தாளில் அந்த இடத்தின் படம் போட்டு, ஒவ்வொரு பொருளின் மேலும் அது எந்தத் துறையுடையது என்று எழுதுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலருக்கே அந்தப் படம் உதவியாக இருக்கும்.

நிலம் என்றால் பதிவேடு. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கிறது, புலப்படம் இருக்கிறது. நகரத்தில் நகர நில அளவைப் பதிவேடு. சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் இணையசேவைத் தளத்திலேயே அது புறம்போக்கா, எந்த வகைப் புறம்போக்கு என்று பார்த்துக்கொள்ளலாம். குப்பைமேடாகக் கிடக்கும் ஒரு மூலை குளத்துப் புறம்போக்கு என்று தெரிந்தால் அங்கே செய்ய வேண்டியது வேறு, பாதை என்று தெரிந்தால் வேறு, தனியார் பட்டா என்று தெரிந்தால் அங்கே நீங்கள் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. நீர்நிலையில் பூங்கா போடும் தவற்றைப் பெரியவர்கள் நிறையச் செய்துவிட்டோம். மழைக்காலத்தில் அது எங்கே கொண்டுவிட்டது என்று 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தோம்.

புது மனைப்பிரிவுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆயுதம் இருக்கிறது. விதிப்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர், சாலைகள் போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டி 'பூங்கா' என்று போட்டிருப்பார்கள். தரையில் போய்ப் பார்த்தால் அங்கே கருவேலம் மண்டியிருக்கும், சில இடங்களில் யாரோ ஷெட் போட்டிருப்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலும் தானப்பத்திரத்தின் நகலும் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் போட்டிருக்கிறோம். சட்டம் இருந்தும் திடல் போனது என்றால், பதிவேட்டைத் திறந்து பார்க்க அந்தப் பேட்டையில் ஆளில்லை என்று அர்த்தம். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு கோடைவிடுமுறையில் இந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டால் அந்த ஊருக்கு ஒரு திடல் மிஞ்சும்.

இப்போது பெரியவர்களாகிய எங்களைப் பற்றிப் பேச வேண்டும். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள், ஆசிரியர்கள், தொண்டு நிறுவனத்தார், அதிகாரிகள் இங்கே பின்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களோடும் சேர்த்துத்தான்.

பிரேசிலின் குரிட்டிபா நகரத்தில் 1972-இல் மேயர் ஜெய்மி லெர்னர், ஊரின் முக்கியக் கடைத்தெருவை ஒரு வார இறுதிக்குள் கார் போகாத நடைத்தெருவாக மாற்றினார். கடைக்காரர்கள் முதலில் கொதித்தார்கள். கார்க்காரர்கள் மறுபடி உள்ளே ஓட்டிவரப் போவதாகச் செய்தி பரவியது. மேயர் போலீஸை அழைக்கவில்லை. தெருவில் நீளமாகக் காகிதத்தை விரித்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளை உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னார். கார்கள் திரும்பிப் போயின. உலகமெங்கும் நகரத் திட்டமிடல் வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எனக்கும் லெர்னர் மேல் பெருமதிப்பு உண்டு. இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்: அந்தத் தெரு எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் குழந்தைகளில் ஒருவரையாவது யாராவது கேட்டார்களா?

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யூனிசெஃபுக்காக எழுதிய சிறுநூலில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. அவற்றில் ஒன்றுக்கு அலங்காரம் என்று பெயர். பிள்ளைகளுக்கு வாசகம் அச்சடித்த டீ-ஷர்ட் மாட்டி மேடையில் நிறுத்துவது. முடிவெல்லாம் முன்பே எடுத்தாகிவிட்டது, பிள்ளைகள் போட்டோவுக்கு. நம் ஊரில் தூய்மைப் பணி, விழிப்புணர்வுப் பேரணி என்று நடக்கிறவற்றில் எத்தனை இந்தப் படியில் நிற்கின்றன என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். வெயிலில் காத்திருந்து பிரமுகருக்குக் கைதட்டிவிட்டு வரும் பிள்ளை பொது இடத்தைப் பற்றி என்ன கற்றிருக்கும்?

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது, பக்கத்து மாநிலத்திலேயே. கர்நாடகக் கடற்கரையோரம் குந்தாபுரா தாலுகா. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் கிராமங்கள். மழைக்காலம் வந்தால் ஓடைகள் பெருகிவிடும். மரக்கட்டைகளைப் போட்டுக் கட்டிய ஒற்றையடிப் பாலங்கள் வழுக்கும், அடித்துக்கொண்டும் போகும். பெரியவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். சிறுபிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோகும். அங்கே வேலைசெய்யும் சிறுவர் சிறுமியர் 'பீம சங்கம்' என்று தங்களுக்கென ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். 1990-களின் நடுவில் கெராடி போன்ற ஊர்களில் பிள்ளைகளின் பஞ்சாயத்துகள் தொடங்கின. பிள்ளைகளே ஊரைச் சுற்றிக் கணக்கெடுத்தார்கள். எந்த ஓடை, எந்த இடம், எத்தனை பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டு பஞ்சாயத்தாரின் முன் உட்கார்ந்தார்கள். நடைபாலங்கள் வந்தன. பாலம் என்றால் பெரியவர்களுக்கு லாரி போகிற பாலம்தான் நினைவுக்கு வரும். ஒரு குழந்தை புத்தகப்பையோடு தாண்டும் அளவுக்குக் கைப்பிடி வைத்த பாலம் என்பது அந்தக் குழந்தைகளின் கணக்கிலிருந்து வந்தது. கர்நாடக அரசே பின்னர் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்தும் பிள்ளைகளுக்கான கிராமசபை கூட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் மாநிலத்திலும் அப்படி ஓர் உத்தரவு வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். நம் கிராமசபையில் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். தெருவிலும் திடலிலும் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒரு சபை இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. லிஞ்ச் தொடங்கிய ஆய்வை 1990-களில் மறுபடி எடுத்தபோது பெங்களூரில் சத்யநகர் என்ற ஏழைக் குடியிருப்பையும் சேர்த்தார்கள். பத்து முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள் வரைபடம் போட்டார்கள், ஆய்வாளர்களைக் கையைப் பிடித்துத் தெருத்தெருவாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், தேவைகளைத் தெளிவாகச் சொன்னார்கள். தண்ணீரும் சுகாதாரமும் இல்லாத இடத்தில் அவ்வளவு நம்பிக்கையோடு பேசினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை ஆய்வை நடத்தியவர்களே 2001-இல் ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். பிள்ளைகள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். தடையாக நின்றவை பெரியவர்களின் நிறுவனங்கள். தகவலைப் பகிராமல் வைத்துக்கொள்வது, கேட்பதாகச் சொல்லிவிட்டுக் கேட்காமல் இருப்பது, பணம் போன வழி தெரியாமல் இருப்பது. இளைஞர்களுக்குப் பயிற்சி தருகிறோம் என்று சொல்லும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கட்டுரை அது. பிள்ளைகளிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் போவது, கேட்காமலே இருந்ததைவிட மோசமானது. அடுத்த முறை அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

கடைசியாக, நாளை காலை நீங்கள் செய்யத் தொடங்கக்கூடிய ஒரு வேலை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராமங்களுக்குக் கிராமசபை போல, நகரத்து வார்டுகளுக்கு இது. கவுன்சிலர் தலைமை தாங்குவார், அந்தப் பகுதி வாக்காளர்கள் கலந்துகொள்ளலாம். உங்களில் பலருக்கு வாக்குரிமை இருக்கிறது. உங்கள் பகுதி சபை எங்கே கூடுகிறது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? வார்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முன்பாக ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க வேண்டாம். ஒரு பஸ் ஸ்டாப், அல்லது ரேஷன் கடை வாசல், அல்லது பூட்டிக் கிடக்கும் பூங்கா. வாரநாள் ஒன்று, ஞாயிறு ஒன்று. காலை, மதியம், மாலை, இரவு எட்டு மணி என்று நான்கு வேளை. ஆண், பெண், குழந்தை, முதியவர், ஊன்றுகோலோடு வந்தவர், வியாபாரி என்று பிரித்து எண்ணுங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று படத்தில் போடுங்கள். அங்கே வராதவர்களை அவர்கள் வீட்டு வாசலில் போய்ப் பார்த்து ஏன் வருவதில்லை என்று கேளுங்கள்; இதைத் தங்கைகள் கேட்டால் நல்லது, பதில் வேறாக வரும்.

பிறகு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இடத்தின் சர்வே எண், பொறுப்பான துறை, எண்ணிக்கை, உங்கள் கோரிக்கை. கோரிக்கை மூன்றுக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், செய்த பிறகு அதை யார் பராமரிப்பார், கூட்டிப் பெருக்குவது யார், பல்பு போனால் மாற்றுவது யார் என்று கட்டாயம் எழுதுங்கள். பராமரிப்பவர் பெயர் இல்லாத பெஞ்ச் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அந்தப் பராமரிப்பை "நாங்களே சம்பளமில்லாமல் செய்துவிடுகிறோம்" என்று ஆர்வத்தில் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது தூய்மைப் பணியாளரின் வேலை, நகராட்சியின் செலவு. உங்கள் வேலை அந்தச் செலவு வரவுசெலவுத் திட்டத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. சபையில் பேசியதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை நடந்து ஆறு மாதம் கழித்து, அதே கிழமை, அதே நான்கு வேளை, அதே கட்டங்களில் மறுபடி எண்ணுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த சபையில் படியுங்கள். எந்தக் கட்டத்தில் எண்ணிக்கை கூடியிருக்கிறது, எந்தக் கட்டத்தில் குறைந்திருக்கிறது என்று இரண்டையும் படியுங்கள். குறைந்ததை முதலில் படியுங்கள்.

பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் பேட்டையில் எந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இப்போதே பேசலாம். முதல் கேள்வியை முன்வரிசைத் தங்கைகளில் ஒருவர் கேட்கட்டும்.